உடல்பிடி வகைப்பாடு: ஊர்ப்பெயரும் கைச்செயலும்

சுவீடிஷ், தாய், ஷியாட்சு, கேரள உழிச்சில் என உடல்பிடி முறைகள் பெரும்பாலும் பிறந்த நாட்டை ஒட்டியே பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயன்களும் சொல்லப்படுகின்றன. இந்தப் பிரிவினை விற்பனைக்கு உதவலாம். மருத்துவத்துக்கு அவ்வளவாக உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நோயாளி பெறும் நன்மையைப் பெரிதும் தீர்மானிப்பவை கை செய்யும் செயல், அழுத்தத்தின் அளவு, பிடிக்கும் நேரம் ஆகியவையே.

சித்த மருத்துவம் இவ்வழியில் முன்பே சென்றிருக்கிறது. புற மருத்துவ முறைகள் 32இல் ஒன்றான தொக்கணத்தை, அதாவது உடல்பிடியை, அது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பதாகப் பகுக்கிறது. இன்றைய முறைகள் பலவும் இதற்குள் அடங்கும். ஷியாட்சு பெரும்பாலும் கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் செய்யும் அழுத்தல். 2019இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற தாய் முறையில், ஆடையோடு பாயில் கிடத்தி, பொதுவாக எண்ணெய் இல்லாமல், அழுத்தலுடன் இழுத்தலும் முறுக்கலும் சேர்கின்றன. சுவீடிஷ் முறையில் பிசைதலும் தட்டலும் உண்டு. ஆனால் அதன் அடிப்படையான நீள நீவலுக்கு ஒன்பதில் தனிப்பெயர் இல்லை. இது தொக்கணப் பகுப்பின் குறைதான்; பத்தாவதாகச் சேர்த்துக்கொள்வதில் தடையில்லை.

வகைப்பெயரின் எடையைச் சோதித்த ஆய்வுகளில் முக்கியமானது 2011இல் அமெரிக்காவில் வெளியானது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 401 பேரில் ஒரு பிரிவினருக்குத் தசையுறைகளையும் மூட்டுகளையும் குறிவைத்த நுட்பமான பிடி. இன்னொரு பிரிவினருக்கு வெறும் தளர்வுப் பிடி. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. பத்து வாரங்களில் இரு பிடிகளும் வழக்கமான சிகிச்சையைவிட நன்றாகப் பயனளித்தன. தமக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு காட்டவில்லை. நுட்பத்துக்காகக் கூடுதல் கட்டணம் கேட்பவர்கள் இம்முடிவை அதிகம் பேசுவதில்லை. நேரமோ வேறு கதை. 2014இல் வெளியான கழுத்துவலி ஆய்வில் அரைமணிப் பிடியால் தெளிவான பயன் தெரியவில்லை; வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் பிடித்தபோது பயன் தெரிந்தது. குறைமாதக் குழந்தைகள் பற்றிய ஆய்வுகளில் எடை கூட உதவியது மிதமான அழுத்தமே. மெல்லிய தடவல் அந்த அளவு உதவவில்லை.

இச்சான்றுகளுக்கு ஒரு மறுப்பு உண்டு. மாத்திரையில் போலியைக் கொடுத்து ஒப்பிடலாம். தன்னை ஒருவர் பிடித்துவிடுகிறார் என்பதை நோயாளியிடம் மறைக்க முடியாது. எனவே எதிர்பார்ப்பின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம். இடுப்புவலிக்கான 25 ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் குறுகிய கால நன்மையையே காண்கிறது. அதையும் வலுவற்ற சான்றென்கிறது. இம்மறுப்பு உடல்பிடியின் பயனை அளவோடு பேசச் சொல்கிறது. வகைப்பெயர்களுக்கு அது எந்த ஆதரவும் தருவதில்லை: எதிர்பார்ப்பே பாதி வேலையைச் செய்கிறது என்றால், நாட்டுப் பெயரின் பங்கும் அந்த எதிர்பார்ப்புக்குள் தானே அடங்கும்?

உடலுக்குள் நடப்பது பற்றிய பேச்சிலும் இதே மிகை. பிடித்தால் தசையின் லாக்டிக் அமிலம் வெளியேறும் என்ற விளக்கம் பரவலானது. 2012இல் கனடா ஆய்வாளர்கள், கடும் பயிற்சி செய்த இளைஞர்களின் ஒரு காலை மட்டும் பிடித்துவிட்டு இரு கால்களின் திசுவையும் ஒப்பிட்டனர். லாக்டேட் குறையவில்லை; அழற்சிச் சமிக்ஞைகள் தணிந்திருந்தன.

கைச்செயலால் பகுப்பதன் உடனடிப் பயன் தீங்கைத் தவிர்ப்பதில் இருக்கிறது. எலும்பு மெலிந்த முதியவருக்கு விலக்க வேண்டியவை வலிந்த முறுக்கலும் இழுத்தலும்; அவற்றைச் செய்வது எந்த நாட்டு முறை என்பது பொருட்டல்ல. காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்தவருக்கு அந்தக் காலில் எந்தப் பிடியும் கூடாது. சிகிச்சைக் குறிப்பேட்டில் ‘தாய் முறை, ஒரு தடவை’ என்று எழுதினால் இது எதுவும் தெரியாது. எந்தச் செயல், எந்த உறுப்பில், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை நிமிடம் என்று எழுதினால் அடுத்த மருத்துவர் அதைத் திரும்பச் செய்யலாம், நிறுத்தலாம், வேறொன்றோடு ஒப்பிடலாம்.