கோமதியம்மாள் மகனும் ஜோடி எண்களும்

ராயகிரியிலிருந்து ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போறவங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சுவாமி ஒரே மேனியில் இரண்டு பேர்: வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் திருமால். அந்தக் கோலத்தைக் காணத் தவம் இருந்தவள் கோமதி அம்மன். ‘எங்க சாமிதான் பெரிசு’ன்னு சண்டை போட்ட நாகர்களும் ஒரு ஜோடிதான், சங்கன், பதுமன்.

ஜோடி என்றால் செருப்பும் ஜோடிதான், ஒன்று தொலைந்தால் மற்றது குப்பைக்கு. எலக்ட்ரானுக்கு ஜோடியாகப் பாசிட்ரான் இருக்கணும் என்று டிராக் கணக்குப் போட்டே சொன்னார், 1932-ல் ஆண்டர்சன் அதைப் பார்த்தார். எண்களில் ஜோடி தேடுவது இதையெல்லாம் விடப் பழசு. அதில் நம்ம பக்கத்து ஆள் ஒருவர் பெயர் அழியாமல் நிற்கிறது.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள வல்லத்தில் 1901 ஏப்ரல் 5-ல் பிறந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. அம்மா பெயர் கோமதி அம்மாள். இரண்டு பெயரையும் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கோவில் ஞாபகம் வரும்னு சொல்லணுமா? அவர் பிறந்து ஒரு வருஷத்தில் அம்மா போய்விட்டார். பள்ளிக்கூடம் முடிக்கும் வருஷம் அப்பாவும். அதற்குப் பிறகுதான் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரி, சென்னைப் பல்கலையில் ஆராய்ச்சி. 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்.

இப்போ 8, 9 இரண்டையும் பாருங்க. 8 என்பது 2-இன் கனம், 9 என்பது 3-இன் வர்க்கம். இப்படி ஒட்டி நிற்கும் அடுக்கு எண் ஜோடி (0, 1 இரண்டையும் விட்டுவிட்டால்) வேறு கிடையாது என்று 1844-ல் காட்டலான் ஊகித்தார். நிரூபணம் 2002-ல்தான் வந்தது, மிஹைலெஸ்குவிடமிருந்து. நம்ம ராமானுஜன் 1913-ல் வேறொரு ஜோடியைக் கேட்டார்: ஒரு வர்க்கத்தோடு 7-ஐக் கூட்டினால் 2-இன் அடுக்கு எப்போதெல்லாம் வரும்? 1–8, 9–16, 25–32, 121–128, கடைசியாக 32761–32768. ஐந்தே ஐந்து. வேறு இல்லை என்று நாகெல் 1948-ல் காட்டினார்.

பிள்ளை கேட்டது இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி. இடைவெளி 1, 7 மட்டும் ஏன்? எந்த இடைவெளியை எடுத்தாலும் அந்த இடைவெளியில் நிற்கும் அடுக்கு எண் ஜோடிகள் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும் என்பது அவர் ஊகம். இன்றைக்கும் அது ‘பிள்ளை ஊகம்’தான்.

அவருடைய பெரிய சாதனையிலும் ஒரு ஜோடி உண்டு. எந்த எண்ணையும் நாலு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதலாம். அப்படியானால் ஏழாம் அடுக்குக்கும் அதற்கு மேலும் எத்தனை வேணும்? வேரிங் கேள்வி என்பார்கள். 1936 வாக்கில் சிதம்பரத்தில் பிள்ளையும் அமெரிக்காவில் டிக்சனும் ஒருவரை ஒருவர் சாராமல் பெரும்பாலும் இதை முடித்தார்கள். டிக்சன் பெயரைச் சொல்றவங்க பிள்ளையையும் சேர்த்துச் சொல்லணும் என்பது என் கட்சி. ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று 1940-ல் காட்டியது பிள்ளை தனியாக.

1950-ல் ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு, பிறகு பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் என்று கிளம்பினார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவில் புறப்பட்ட விமானம் எகிப்து மண்ணிலேயே விழுந்தது. 55 பேரும் போனார்கள். பிள்ளைக்கு வயது 49.

அவர் ஊகத்தில் இடைவெளி 1 மட்டும்தான் தீர்ந்திருக்கிறது. இடைவெளி 2-க்கு 25-ம் 27-ம் கையில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஜோடிகள் எண்ணி முடிக்கக் கூடியவைதானா என்பதைக்கூட இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.