மீனம்பாக்கத்திலிருந்து ஜித்தா: தொலைவு எங்கே தொடங்குகிறது?

சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தாவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 4,450 கிலோமீட்டர். விமானம் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அதைக் கடந்துவிடும். இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ ஒரு ஷிப்டு வேலை முடிவதற்கும் இதைவிட அதிக நேரம் ஆகிறது.

நம் பாட்டனார் காலத்து ஹாஜிகளுக்கோ ஜித்தாவைவிட பம்பாயே முதற்பெருந்தொலைவு. மதராஸிலிருந்து சுமார் 1,280 கிலோமீட்டர் இரயிலில் சென்று, முஸாபர்கானாவில் தங்கி, கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். அங்கிருந்து ஜித்தா 2,300 கடல் மைல். முகல் லைன் நிறுவனத்தின் நீராவிக் கப்பல்களில் பத்து முதல் பதினைந்து நாள்கள். செங்கடலுக்குள் நுழைந்ததும் கமரான் தீவு குறுக்கிடும். 1882-இல் உதுமானிய அரசு அங்கே நோய்த்தடுப்பு முகாம் அமைத்தது. காலராவுக்கு அஞ்சி ஹாஜிகளை இறக்கி, குளிக்கச் செய்து, உடைகளை நீராவியில் இட்டு, நாள்கணக்கில் தடுத்து வைத்தார்கள். எந்த வரைபடத்திலும் இந்தத் தொலைவு அளக்கப்பட்டதில்லை.

கப்பல் யலம்லம் எல்லைக்கு நேராக வரும்போது ஹாஜிகள் இஹ்ராம் அணிவார்கள். அதற்கு ஆயத்தமாக அவர்களுக்குப் பல நாள்கள் கிடைத்தன. விமானமோ மீக்காத் எல்லையைச் சில நிமிடங்களில் தாண்டி, சற்று நேரத்தில் தரையிறங்கிவிடுகிறது. ஆகவேதான் நேராக ஜித்தா செல்வோர் மீனம்பாக்கத்திலேயே இஹ்ராம் உடை அணிந்துகொள்கின்றனர். தொழுகை நேரத்திலும் இதே விந்தையைக் காணலாம். காலை எட்டு மணிக்குச் சென்னையில் புறப்பட்டால், இரண்டரை மணி நேர வித்தியாசத்தால், ஜித்தாவில் பதினொன்றரைக்கே இறங்குகிறோம். லுஹர் நமக்காகக் காத்திருக்கிறது. திரும்பும்போது அதே எட்டு மணிக்குப் புறப்பட்டால் சென்னையில் மாலை நாலரை ஆகிவிடும். லுஹர் வானிலேயே வந்துபோகிறது.

1995-உடன் மும்பைக் கப்பல் பயணம் நின்றது. பம்பாய் வரை செல்லும் அலைச்சல் பழங்கதை ஆகிவிட்டது என்றுதான் எண்ணியிருந்தோம். கொரோனாவுக்குப் பின் 2022 ஹஜ்ஜுக்காக நாட்டின் புறப்பாட்டு நிலையங்கள் 21-லிருந்து 10-ஆகக் குறைக்கப்பட்டபோது சென்னை விடுபட்டது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதியும் அவ்வாண்டு தமிழக ஹாஜிகள் கொச்சியிலிருந்தே புறப்பட்டனர்.

வான்வழியில் பார்த்தால் கொச்சி ஜித்தாவுக்குச் சுமார் 270 கிலோமீட்டர் நெருக்கம். கணக்குப் போடுவோர் இதை இலாபம் என்பர். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் வாழும் முதியவருக்கு வீட்டிலிருந்து மீனம்பாக்கம் 30 கிலோமீட்டர் அளவுதான். கொச்சியோ 700 கிலோமீட்டருக்கு அருகில். ஊர் வழியாகவே செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 300 கிலோமீட்டரில் பெங்களூரு இருந்தும், தமிழகத்துக்கு ஒதுக்கப்பட்டது கொச்சிதான். வழியனுப்ப மீனம்பாக்கத்துக்குக் குடும்பமே திரண்டு வரும். கொச்சிவரை எத்தனை பேரால் செல்ல முடியும்? விடுப்புக் கிடைக்காத மகன் ஆலை வாசலிலேயே ஸலாம் சொல்லி நின்றுவிட வேண்டியதுதான்.

2023-இல் சென்னை மீண்டும் புறப்பாட்டு நிலையமானது.