தக்காளிக்கு அடிப்படை விலை 8 ரூபாய்: இந்தக் கணக்கு எங்கிருந்து வருது? வேலந்தாவளம் விவசாயிக்கு அது ஏன் முக்கியம்?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோவை எல்லையை ஒட்டி இருக்கிற ஊர் வேலந்தாவளம். வடகரப்பதி, எருத்தேம்பதி பகுதிகளின் தமிழ் விவசாயிகள் தக்காளியைக் கொண்டுவந்து இறக்கும் காய்கறி மார்க்கெட் இங்கேதான் இருக்கிறது. வரத்து கூடினால் விலை சரியும். சில நாள் பறிகூலிக்குக்கூடக் கட்டாது.

இதற்குத் தீர்வாகத்தான் கேரள அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 வகை விளைபொருட்களுக்கு அடிப்படை விலையைக் கொண்டுவந்தது. காய்கறிக்கு இப்படி ஒரு மாநில அரசு விலை நிர்ணயித்தது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. அப்போது அறிவித்தபடி, கிலோவுக்குத் தக்காளி 8 ரூபாய், முட்டைக்கோஸ் 11, கேரட் 21, பூண்டு 139. உற்பத்திச் செலவோடு 20 சதவீதம் சேர்த்து வைத்த விலை என்றது அரசு.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் 'உற்பத்திச் செலவு' என்பது எது?

எந்தச் செலவு கணக்கில் வருது?

வேளாண் பொருளாதாரத்தில் இது பழைய சண்டை. விதை, உரம், மருந்து, கூலி, குத்தகை என்று கையை விட்டுப் போகிற காசுதான் முக்கியமாக 'ஏ2' செலவு. வீட்டு ஆட்கள் காட்டில் வேலை செய்வதற்கும் கூலி போட்டுச் சேர்த்தால் 'ஏ2 + எஃப்எல்'. சொந்த நிலத்துக்கு வாடகையும் போட்ட முதலுக்கு வட்டியும் சேர்த்தால் 'சி2'.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். ஒரு ஏக்கர் தக்காளிக்குக் கைக்காசு 60,000 ரூபாய், வீட்டு ஆட்களின் உழைப்பு 15,000, நில வாடகையும் வட்டியும் 25,000, விளைச்சல் 10,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ2 கணக்கில் கிலோவுக்கு 6 ரூபாய் செலவு. வீட்டு உழைப்பைச் சேர்த்தால் 7.50. சி2 என்றால் 10 ரூபாய். மேலே 20 சதவீதம் வைத்தால் 7.20, 9, 12 என்று மூணு விலை வருது. அதே காடு, அதே தக்காளி. மழையில் விளைச்சல் 8,000 கிலோவாகக் குறைந்தால் சி2 செலவு மட்டுமே 12.50 ஆகிவிடும்.

மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையிலும் தகராறு இதேதான். செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வேண்டும் என்றது எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம். 2018-19 பட்ஜெட்டுக்குப் பிறகு மத்திய அரசு அதை ஏ2 + எஃப்எல் மேல் கணக்கிடுகிறது; சி2 மேல்தான் கணக்கிட வேண்டும் என்கின்றன விவசாய சங்கங்கள். 22 பயிர்களுக்கு இருக்கும் அந்த ஆதரவு விலைப் பட்டியலில் தக்காளியோ வேறு காய்கறியோ கிடையாது. அதனால்தான் கேரளாவின் அறிவிப்பு பெரிதாகப் பேசப்பட்டது.

விலை ஏன் இப்படி ஆடுது?

போன போகத்தில் விலை ஏறினால் இந்தப் போகத்தில் எல்லோரும் நடுவார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய் வரும், விலை விழும். அடுத்த முறை பலர் நடமாட்டார்கள், விலை திரும்ப ஏறும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மொர்டெகாய் எசெக்கியல் 1938-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, 'சிலந்திவலைக் கோட்பாடு' என்று வகுப்பறைகளில் சொல்லித்தரும் விஷயம் இது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளி, செப்டம்பரில் நாட்டின் பல இடங்களில் மொத்த விலையில் 10 ரூபாய்க்கும் கீழே போனதை எல்லோரும் பார்த்தோம்.

விலை ஏறும்போதாவது விவசாயிக்குக் காசு வருமா? ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றின்படி, நுகர்வோர் தக்காளிக்குத் தரும் 100 ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 ரூபாய். வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மிச்சமெல்லாம் தரகு, வண்டி வாடகை, அழுகல், வியாபாரி லாபம்.

நடும் முன்பே விலையை ஊகித்துச் சொல்லும் வேலையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் செய்கிறது. கோவைச் சந்தையின் பல ஆண்டு விலைகளை ஆராய்ந்து தக்காளி, கத்தரி, வெண்டைக்கு முன்னறிவிப்பு தருகிறார்கள். எல்லை தாண்டி இருந்தாலும் வேலந்தாவளத்துக்கு ரொம்பப் பக்கத்துச் சந்தை அது. சிலந்திவலைக்கு விலைப்பட்டியலைவிட இது நல்ல மருந்து என்பது என் கருத்து.

அறிவித்த விலை கைக்கு வருதா?

இங்கேதான் இடுக்கியைப் பார்க்கணும். வட்டவடை, காந்தல்லூர் மலைக் கிராமங்களிலும் தமிழ் பேசும் விவசாயிகள்தான் அதிகம். கேரட், பீன்ஸ், பூண்டு விளைகிறது. அந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் பலர் விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் பயிர் வைக்கிறார்கள். வாங்கினவரிடமே காயைப் போட்டாகணும். அரசு விலை 21 ரூபாய் என்றாலும் விற்பவருக்கு வேறு ஆளைத் தேடிப் போகிற சுதந்திரம் இல்லை. அரசு நிறுவனமான ஹார்ட்டிகார்ப்புக்குப் போட்டால் பணம் வர மாதக்கணக்காகிறது என்ற புகாரும் பல தடவை எழுந்திருக்கிறது. கடன்காரர் வாசலில் நிற்கிறபோது, நாளைக்கு வரும் 21-ஐவிட இன்றைக்குக் கிடைக்கும் 15 பெரிசு. செலவுக் கணக்கைப் போடும் ஆய்வுகளில் இந்தக் காத்திருப்புக்கு விலை போட்டுப் பார்ப்பது அபூர்வம்.

வேலந்தாவளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோவை மாவட்டத்து விவசாயி இந்த மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுவந்தாலும், கேரளத் திட்டம் கேரளத்து நிலத்துக்குத்தான். பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கிற தக்காளிக்கு அரசின் கணக்கில் இரண்டு விதமான விதி.

கேரளப் பக்கம் நிலம் இருப்பவர்கள் வேளாண்துறையின் எய்ம்ஸ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு போகத்துக்கு அதிகபட்சம் 15 ஏக்கர் வரை பலன் உண்டு என்று அறிவித்தார்கள். விவரம் கிருஷி பவனில் கிடைக்கும். செலவு ஆய்வுக்கு யாராவது வந்து கேட்டால், வீட்டு ஆட்கள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது அதைத்தான்.