உரிமத்துக்கும் இருக்கைக்கும் நடுவே: இந்திய விமானியும் நைஜீரிய விமானியும்

பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் எடுத்த பிள்ளை "பைலட் ஆகணும்" என்று சொன்னால், மதுரைப் பக்கத்துக் காரியாபட்டி வீட்டில் முதலில் வரும் கேள்வி செலவு எவ்வளவு என்பது. அடுத்தது, சம்பளம் எவ்வளவு. உரிமம் வாங்கியபின் உட்கார இருக்கை கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நைஜீரியா நமக்கு முன்பே சந்தித்துவிட்டது. அதனால்தான் இரு நாட்டு விமானிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

நைஜீரியா என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு விபத்துதான் நினைவுக்கு வரும். காரணம் இல்லாமலில்லை. 2005 அக்டோபர் முதல் 2006 அக்டோபர் வரை பெல்வியூ, சொசோலிசோ, ஏ.டி.சி. என்று மூன்று நிறுவனங்களின் விமானங்கள் விழுந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் அதன்பின் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, கண்காணிப்பை இறுக்கி, 2010 ஆகஸ்டில் அமெரிக்க விமானத்துறையின் பாதுகாப்புக்கான முதல் வகைச் சான்றிதழைப் பெற்றது. 2014 ஜனவரியில் அதே அமெரிக்கத் துறை இந்தியாவை இரண்டாம் வகைக்கு இறக்கியது. 2015 ஏப்ரலில்தான் நாம் பழைய இடத்துக்குத் திரும்பினோம். அந்தப் பதினான்கு மாதமும் ஏட்டளவில் நைஜீரியா நமக்கு மேலே இருந்தது. அந்த நாட்டு விமானியை இளக்காரமாகப் பார்க்க நமக்கு உரிமையில்லை.

பயிற்சியில் பெரிய வேறுபாடு இல்லை. அங்கே 1964 முதல் ஸாரியாவில் விமானத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இங்கே 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய உரான் அகாடமி, உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில். நம்மிடம் வணிக விமானி உரிமமான சி.பி.எல்.லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; கேப்டன் ஆவதற்கான உரிமத்துக்கு இரு நாட்டிலும் 1,500 மணி நேரம்.

பணம் யாருடையது என்பதில்தான் பாதை பிரிகிறது. இங்கே குடும்பம் கட்டுகிறது. அரைக் கோடி ரூபாயைச் சுற்றிவரும் அந்தத் தொகைக்கு மானாவாரி நிலத்தை விற்றாலும், நகையை அடகு வைத்தாலும் நம் பக்கத்துக் குடும்பத்துக்கு எட்டாது. நைஜீரியாவில் பல இடங்களில் அரசே கட்டியது. 2009-ல் நைஜர் டெல்டாவில் ஆயுதத்தைக் கீழே போட்ட இளைஞர்களுக்கான மறுவாழ்வுத் திட்டத்தில் பலரை விமானப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பினார்கள். கானோ மாநில அரசு நூறு பேரை ஜோர்டானுக்கு அனுப்பியது. அனுப்பியவர்களின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஏழை வீட்டுப் பிள்ளை விமானி அறையை நெருங்கியது சின்ன விஷயமில்லை.

ஆனால் திரும்பி வந்தவர்களில் பலர் வேலையில்லாமல் நின்றார்கள். உரிமம் என்பது சிறு விமானத்தை ஓட்டலாம் என்ற அனுமதி. போயிங் 737 ஓட்ட அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும். டைப் ரேட்டிங் என்பார்கள். அதற்கும் பல லட்சம் ஆகும். அந்தக் கடைசிப் படிக்குப் பணம் ஒதுக்காமல் விட்டதால் முன்னால் செலவழித்ததெல்லாம் முடங்கியது. இந்தியாவிலும் சி.பி.எல். கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் முட்டி நிற்பது இதே சுவரில்தான். அங்கே அரசுப் பணம் முடங்கியது, இங்கே வீட்டுப் பணம் முடங்குகிறது. நட்டம் அரசுக்கு என்றால் நாடு தாங்கும். வீட்டுக்கு என்றால் தங்கையின் படிப்பு நிற்கும்.

வேலை கிடைத்தபின் அன்றாடம் வேறு மாதிரி. நைஜீரியாவின் பல உள்ளூர் விமான நிலையங்களில் ஓடுபாதை விளக்கு இல்லாததால் பொழுது சாய்வதற்குள் இறங்கியாக வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை சஹாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று புழுதியைக் கொண்டுவந்து பார்வையை மறைக்கும். முற்பகலில் புழுதி கலையக் காத்திருந்தால் மாலையில் வெளிச்சம் போய்விடும். மதுரை விமான நிலையமே 24 மணி நேர இயக்கத்துக்கு மாறியது 2024 அக்டோபரில்தான் என்பதால் இது நமக்கு அந்நியமான கதையில்லை. இந்திய விமானியின் பாரம் இரவில் இருக்கிறது. நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் நடுவே திரும்பத் திரும்ப இறங்கும் களைப்பைக் குறைக்கத்தான் புதிய விதிகள் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக்கின. இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தன. அந்த விதிகளுக்கு ஏற்ப விமானிகளை ஒதுக்க முடியாமல் 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்து, விதிக்குத் தற்காலிக விலக்கும் வாங்கியது. களைத்த விமானி விமானத்தை ஓட்டுவதைவிட ரத்தான பயணம் மேல் என்பதே என் உறுதியான கருத்து.

கடைசியாக, நிறுவனம் மூழ்கும்போது என்ன ஆகிறது? நைஜீரியா ஏர்வேஸ் 2003-ல் மூடப்பட்டது. ஊழியர்களுக்கான பாக்கி வரத் தொடங்கியது 2018-ல். இடையில் பலர் இறந்துபோனார்கள். நம்மிடம் கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் நின்றன. ஜெட்டின் சொத்துகளை விற்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே 2024 நவம்பரில்தான். இந்திய விமானி வேலையை விட வேண்டுமென்றால், 2017 விதிப்படி துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஓராண்டும் முன்னறிவிப்பு தர வேண்டும். ஜெட் ஏர்வேஸ் தன் விமானிகளிடம் சொல்லிவிட்டுப் பறப்பதை நிறுத்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது.