எண்ணெயும் மண்ணெண்ணெயும்: தீவகம் கண்ட எரிபொருள் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கேயும் தென்மேற்கேயும் கிடக்கும் தீவுகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் ஊர்காவற்றுறையின் கோட்டைகளையும், நெடுந்தீவின் குதிரைகளையும், நயினாதீவிலுள்ள பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்ச் சாசனத்தையும் விரித்துரைத்துள்ளனர். அத்தீவுகளில் இரவில் எரிந்தது யாது, படகை ஓட்டியது யாது என்னும் வினா அத்துணைக் கவனம் பெற்றிலது. தேவைப்படும் பொருள்களிற் பெரும்பகுதியும் கடல் கடந்தே வரவேண்டிய ஊர்களுக்கு எரிபொருளின் வரலாறு சிறிய வரலாறன்று.

எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர் இலுப்பை, ஆமணக்கு, தேங்காய் முதலியவற்றின் நெய்க்கும் அதுவே பெயராயிற்று. செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு உரிமை கோரியோர் மூவர்: அடுக்களை, அகல், தலைமுழுக்கு. திருக்கோயில் விளக்குக்கு இலுப்பை எண்ணெயைச் சிறப்பாகக் கொள்ளுதல் தமிழர் வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலத்தடி எண்ணெய் இலங்கைக்கு வந்தபோது, அதனை மண்ணெண்ணெய் என அடைமொழி சேர்த்தே மக்கள் வழங்கினர். வந்தேறிய இப்பொருள் விரைவில் அகலின் இடத்தைப் பிடித்தது. பின்னர்ப் பாயையும் துடுப்பையும் நம்பியிருந்த மீனவரின் வெளியிணைப்பு எஞ்சினுக்கும் அதுவே உணவாயிற்று.

தாவர எண்ணெய் எஞ்சினையும் ஓட்டவல்லது என்பது மேனாட்டில் அப்பொழுதே அறியப்பட்டிருந்தது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டிற்று. யாழ்ப்பாணத்தார் கச்சான் என்பது இதனையே. எனினும் நிலத்தடி எண்ணெய் மலிவாகக் கிடைத்தமையால் அம்முயற்சி நெடுங்காலம் கிடப்பிற் போடப்பட்டது.

தமிழ் மண்ணில் அதனை மீண்டும் எழுப்பியது ஆராய்ச்சியன்று, இல்லாமையே. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல் முதலியன செல்வது தடுக்கப்பட்டது, மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. 1991இல் ஊர்காவற்றுறை, வேலணை முதலிய பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்து குடாநாட்டில் ஒதுங்கிய தீவக மக்களும் இவ்விருளிற் பங்குகொண்டனர். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சில கரண்டி மண்ணெண்ணெயும் இட்டு, நூல்போன்ற திரியை எரியவிட்டு, அவ்வொளியிலே மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். மோட்டார் வண்டிகளையும் சைக்கிள்களையும் சில துளி பெற்றோலாற் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர்; அதனோடு தேங்காய் எண்ணெயைக் கலந்தோரும் உளர். எஞ்சின் தேய்ந்தது, புகை கக்கியது; ஆயினும் நோயாளி வைத்தியசாலை சேர்ந்தார். இதனைத் தமிழரின் கண்டுபிடிப்பு எனப் புகழ்ந்து எழுதுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். எஞ்சினுக்குள் ஊற்றிய எண்ணெய் கறிச்சட்டியிலிருந்து பறிக்கப்பட்ட எண்ணெயாகும்.

ஜெற் விமானத்தின் எரிபொருளும் தூய்மையாக்கிய மண்ணெண்ணெய் இனமே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. போத்தல் விளக்குக்குக் கரண்டியால் அளந்து ஊற்றிய அதே இனப் பொருளை எரித்தே, குண்டு பொழிந்த ஜெற் விமானங்கள் அவ்விளக்குகளுக்கு மேலாகப் பறந்தன.

தேங்காய் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் யாழ்ப்பாணத்தார் கலந்தனர். இன்றைய இரசாயனவியலார் முன்னதைப் பின்னதாகவே மாற்றுகின்றனர். எண்ணெயும் கொழுப்பும், மூன்று கொழுப்பமிலங்கள் ஒரு கிளிசரோலுடன் கூடியமைந்த பொருள்கள். அவற்றை ஊக்கியின் முன்னிலையில் உயர் அமுக்கத்தில் ஐதரசனோடு தாக்கமுறச் செய்தால், ஒட்சிசன் நீராகவும் காபன் ஒட்சைட்டாகவும் பிரிந்துபோக, ஐதரோகாபன் சங்கிலிகள் எஞ்சும். பின்னர் நீண்ட சங்கிலிகளைத் துண்டித்தும், நேர்ச்சங்கிலிகளைக் கிளைக்கச் செய்தும் மண்ணெண்ணெயின் தன்மைக்குக் கொணர்வர். கிளைக்கச் செய்வதன் காரணம் எளிது. மார்கழிக் காலையிற் போத்தலுக்குள் தேங்காய் எண்ணெய் வெண்கட்டியாக உறைவதை யாவரும் கண்டிருப்பர். அதன் உருகுநிலை ஏறத்தாழ 24 பாகை. சர்வதேசப் பறப்புகளில் வழங்கும் விமான எரிபொருளோ பூச்சியத்துக்குக் கீழ் 47 பாகையிலும் உறைதலாகாது.

2008 பெப்ரவரியில் இலண்டனிலிருந்து அம்ஸ்ரடாமுக்குச் சென்ற போயிங் 747 விமானத்தின் ஓர் எஞ்சினில் தேங்காய், பபாசு என்னும் இருவகை எண்ணெயிலிருந்து ஆக்கிய எரிபொருள் ஐந்திலொரு பங்காகச் சேர்க்கப்பட்டது. 2018 ஓகஸ்டில் தேராதூனிலிருந்து தில்லிக்குப் பறந்த விமானம் காட்டாமணக்கு எண்ணெயின் வழிவந்த எரிபொருளைக் கலந்துகொண்டது. 2023 நவம்பரில் இலண்டனிலிருந்து நியூயோர்க் சென்ற விமானமோ நிலத்தடி எண்ணெய் சிறிதுமின்றிப் பறந்தது. அதன் எரிபொருளில் 88 வீதம் கழிவு எண்ணெய், கொழுப்பு ஆகியவற்றால் ஆனது. இவ்வளவிருந்தும் 2024இல் உலகில் ஆக்கப்பட்ட இத்தகைய எரிபொருள் ஏறத்தாழ பத்து இலட்சம் தொன். விமானங்கள் எரித்ததில் அது 0.3 வீதமே.

தடை முறையில் அன்று, மூலப்பொருளில். ஒரு லீற்றர் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ பத்துத் தேங்காய் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தன் விமான நிலையங்களில் வழங்கும் எரிபொருளில் 2025 முதல் 2 வீதமும், 2050இல் 70 வீதமும் இவ்வகையினதாதல் வேண்டுமென விதித்தபோது, உணவுப் பயிரின் எண்ணெயைக் கணக்கிற் சேர்க்க மறுத்தமை இதனாலேயே. பொரித்துக் கழித்த எண்ணெய்க்கும் விலங்குக் கொழுப்புக்கும் இப்பொழுது விலையேறியிருப்பதும் அதன் விளைவே. கறிச்சட்டியில் அதன் வேலை முடிந்த பின்னர் எண்ணெயை எஞ்சினுக்குக் கொடுப்பது ஒன்று. முடியுமுன் பறிப்பது மற்றொன்று. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அறிந்தது பின்னதனை.

மண்ணெண்ணெய்த் துன்பம் போரோடு ஒழிந்திலது. 2022இல் இலங்கையின் அந்நியச் செலாவணி வற்றியபோது, நெடுந்தூர விமானங்கள் சில எரிபொருளுக்காகத் திருவனந்தபுரத்தில் இறங்கிச் செல்ல நேர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. விமானத்துக்குத் திருவனந்தபுரம் இருந்தது; வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய சிறு படகுக்குப் போக்கிடம் இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் வெயில், காற்று இரண்டாலும் மின்னாக்குதற்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அத்திட்டத்திலும் வெயிலும் காற்றும் தவறும் வேளைக்கெனக் குறிக்கப்பட்டிருப்பது டீசல் எஞ்சினே. அதற்குரிய டீசலும் கடல் வழியாகவே வரவேண்டும்.