செர்மாட்

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர். உள்ளூர் ஜெர்மன் பேச்சில் 'மாட்' என்றால் புல்வெளி. 'ட்சுர் மாட்', அதாவது 'புல்வெளியிடத்து' என்பதே தேய்ந்து செர்மாட் ஆயிற்று. அதற்கு முன்பு வழங்கிய ரோமான்ஸ் மொழிப் பெயர் பிராபோர்னோ. அதன் முதற்பாதியும் புல்வெளிதான்! மொழி மாறியபோதும் மேய்ச்சல் நிலம் பெயரை விடவில்லை.

ஊருக்கு மேலே நிற்கும் மேட்டர்ஹார்ன் (4,478 மீட்டர்) இதே சொல்லின் உறவு: புல்வெளிக் கொம்பு. உலகப் புகழ்பெற்ற பாறைக் கூம்புக்கு அடிவாரப் புல்லால் பெயர் அமைந்தது எனக்குப் பிடித்த முரண். இத்தாலியர் அதைச் செர்வீனோ என்பர்.

1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் உள்ளிட்ட எழுவர் முதன்முதலாக அச்சிகரத்தை எட்டினர். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். அறுந்த கயிற்றை ஊர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். 1898இல் கோர்னர்கிராட் மலை ரயில் வந்தது. மேய்ச்சல் கிராமம் சுற்றுலாத் தலமாகிவிட்டது.

வெளியூர்க் கார்களுக்கு ஊருக்குள் அனுமதியில்லை. பயணிகள் டேஷ் ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டும்.