எட்டுப் பாட்டு, ஒரு முத்திரை

தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. கதாநாயகன் பழைய ஆளாகவே இருக்கவேண்டும்; அவன் செய்கிற காரியம் மட்டும் புதிதாக இருக்கவேண்டும். ஆளை மாற்றினால், "இவன் நம்ம ஆள் இல்லையே" என்று வாசகர் முகம் சுளிக்கிறார். மாற்றாவிட்டாலோ கொட்டாவி விடுகிறார். சினிமாவின் இரண்டாம் பாகத்துக்கும், பிள்ளைகள் ஆடுகிற வீடியோ விளையாட்டின் பத்தாம் பாகத்துக்கும் இதே சங்கடந்தான். திருத்தணிகை மலையில் ஒருவர் இதை இருநூறு வருஷங்களுக்கு முன்பே வெகு லாகவமாகச் சமாளித்திருக்கிறார்.

அவர் முத்துஸ்வாமி தீக்ஷிதர். காசியிலிருந்து திரும்பியபின் திருத்தணிக்கு வந்தார்; கிழவர் ஒருவர் வாயில் கற்கண்டைப் போட, பாட்டுப் பிறந்தது என்பது ஐதிகம். கற்கண்டை நம்புகிறவர்கள் நம்பட்டும். என்னை வியக்கவைப்பது பிறந்த பாட்டு.

'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்ற அந்த முதல் கிருதி மாயாமாளவகௌளையில் அமைந்தது. சின்னக் குழந்தை சரளி வரிசை படிக்கிற ராகம் அது. புரந்தரதாசர் வகுத்துக் கொடுத்த பாடம் என்பார்கள். தீக்ஷிதருடைய தகப்பனார் ராமஸ்வாமி தீக்ஷிதரோ 108 ராகங்களையும் தாளங்களையும் கோத்து மாலிகை செய்த மேதை. அப்பேர்ப்பட்டவரின் பிள்ளை முதல் அடியிலேயே வித்தை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பாடசாலைப் பிள்ளைபோல ஸ்வரங்கள் வரிசையாக ஏறி இறங்கும்படி ஆரம்பித்தார்.

புதுமை அதற்கப்புறம் வருகிறது. ஒரு பாட்டோடு நிற்காமல், வடமொழியின் எட்டு வேற்றுமைக்கும் ஒவ்வொன்றாக எட்டு கிருதிகள் செய்தார். எல்லாவற்றிலும் 'குருகுஹ' முத்திரை. பொருளும் ஒரே முருகன். மாறுவது விகுதியும் ராகமுந்தான். கதை எழுதுகிற என் கண்ணுக்கு இந்த இலக்கணமே ஒரு கதையாகத் தெரிகிறது. முதலில் குருகுஹன் வெற்றியோடு விளங்குகிறான். பிறகு குருகுஹனை மனமே வழிபடு என்கிறார். குருவினால் காக்கப்பட்டேன் என்கிறார். குருகுஹனைத் தவிர வேறொன்றறியேன், குருகுஹனுடைய அடியான் என்று வளர்ந்து, விளி வேற்றுமையில் நேரே கூப்பிடுகிறார். எட்டத்தில் இருந்தவன் எதிரே வந்துவிடுகிறான்! பள்ளிக்கூடத்தில் நாம் உருப்போட்டு அலுத்துப்போன 'ஐ, ஆல், கு' வரிசைக்கு இத்தனை உயிர் உண்டு என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

ராகங்களிலும் அப்படியே. ஆனந்தபைரவி எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே பாடி, பானுமதி என்று அபூர்வமான ராகங்கள். தெரிந்த முகத்தின் பக்கத்தில் தெரியாத முகத்தை உட்கார்த்தி வைக்கும் சாமர்த்தியம் அது.

இந்த அச்சு தமக்குப் பயன்படும் என்று கண்டுகொண்டவர் பிற்பாடு அதை விடவேயில்லை. திருவாரூரில் கமலாம்பாள்மேல் வேற்றுமை வரிசையில் நவாவரணம் பாடினார். அதில் ஒன்பதாவதான ஆஹிரி ராகக் கிருதியில் எட்டு வேற்றுமைகளையும் ஒரே பாட்டுக்குள் அடைத்துவிட்டார். நீலோத்பலாம்பாளுக்கு வேறு விளையாட்டு: 'கௌள' என்று முடியும் ராகங்களாகப் பொறுக்கி எடுத்தார். எல்லாவற்றிலும் தணிகையில் தொடங்கிய அதே முத்திரை.

தீக்ஷிதர் 1835-ல் எட்டயபுரத்தில் காலமானார். பாட்டுகள் சிஷ்யர்களின் தொண்டையில் இருந்தன. தொண்டைக்குத் தொண்டை மாறும் அபாயத்திலும் இருந்தன. அவருடைய தம்பி பாலுஸ்வாமியின் சுவீகாரப் புத்திரரான சுப்பராம தீக்ஷிதர், 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை எட்டயபுரத்தில் அச்சிட்டு அவற்றை ஸ்வரத்தோடும் கமகக் குறிகளோடும் கட்டிவைத்தார். தமிழ்ச் சீமையின் தென்கோடியில் அச்சான அந்தப் புத்தகம் தெலுங்கு எழுத்தில் இருந்தது. தெலுங்கா தமிழா என்று வழக்காடி, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. மலைமேல் பிறந்த சம்ஸ்கிருதப் பாட்டுகளோ அதற்கு எத்தனையோ காலம் முன்பே இரண்டு பக்கத்துக்கும் சொந்தமாகியிருந்தன.

எட்டாவது கிருதியின் ராகம் உதயரவிசந்திரிகா. அதைச் சுத்த தன்யாசியின் சாயலில் பாடுகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றா வேறா என்று வித்வான்கள் சண்டை போடுவதும் உண்டு. பானுமதியைக் கச்சேரியில் கேட்பதே அருமை. எட்டையும் ஒரே மூச்சில் கேட்கவேண்டுமென்றால், யாராவது ஒரு பிடிவாதக்காரர் அதற்கென்றே உட்கார்ந்து பாடினால்தான் உண்டு.